செல்லுக்குள்ளே ஒரு சைட் ஆபீஸ்

சிவில் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஒரு பாலத்துக்கு நாற்பது பீம் வேண்டும். யார்டில் வார்த்து, டிரெய்லரில் ஏற்றி, கிரேன் வைத்துத் தூக்கி வைப்பதா? அல்லது டிராயிங்கை மட்டும் சைட்டுக்கு அனுப்பி, அங்கேயே சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போடுவதா? முதலாவது பிரீகாஸ்ட். இரண்டாவது காஸ்ட்-இன்-சிட்டு. தூரம் எவ்வளவு, பாதை எப்படி, எத்தனை பீம் என்று பார்த்துத்தான் முடிவு செய்வோம். வழியில் ஒரு குறுகிய சந்து இருந்தால் போதும், பிரீகாஸ்ட் கதை அங்கேயே முடிந்தது.

நம் உடம்பிலுள்ள செல்களும் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கின்றன. அதை மனிதர்கள் கண்டுபிடித்த வரலாற்றைத்தான் இங்கே எழுதப்போகிறேன். மலர்க் குழு நண்பர்கள் என்னிடம் பாலத்தைப் பற்றி ஏதாவது எதிர்பார்த்திருப்பார்கள். பாலத்தைப் பற்றி எழுத நம் கல்லூரியில் ஆளுக்கா பஞ்சம்? பிளஸ் டூவோடு உயிரியலை மூட்டை கட்டி வைத்துவிட்டவர்களும் இதைப் படிக்கலாம், பயப்பட வேண்டாம்.

பள்ளிப் பாடத்தை ஒரே மூச்சில் நினைவூட்டிவிடுகிறேன். செல்லின் உள்ளே உட்கரு. அதற்குள் டி.என்.ஏ. அதுதான் மாஸ்டர் டிராயிங். ஆபீஸை விட்டு வெளியே போகாது. ஒரு புரதம் தேவைப்பட்டால் அதற்குரிய பகுதியை மட்டும் பிரதி எடுத்து வெளியே அனுப்புகிறது செல். அந்தப் பிரதிக்குத்தான் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். அப்படி ஒன்று இருப்பதை 1961-ல் சிட்னி பிரென்னர், பிரான்சுவா ஜேக்கப், மேத்யூ மெசெல்சன் மூவரும் சோதனையில் காட்டினார்கள். அதே சமயம் இன்னொரு குழுவும் காட்டியது. வெளியே ரைபோசோம் என்ற நுண்துகள்கள் காத்திருக்கின்றன. அவை பிரதியை எழுத்தெழுத்தாகப் படித்து, அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதத்தைக் கட்டுகின்றன. ரைபோசோம்தான் மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதுவரை சரி. ஆனால் இதில் ஒரு சங்கதி விட்டுப்போகிறது. கட்டிய புரதம் போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு எப்படிப் போகிறது? இன்சுலின் செல்லைவிட்டு வெளியே போகவேண்டும். வேறொரு புரதம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைய வேண்டும். மூன்றாவது ஒன்று செல்லின் சவ்வில் பதிந்து உட்கார வேண்டும். எல்லாவற்றையும் ஒரே குட்டையில் கலக்கிவிட்டால் எது எங்கே போகும்?

இதற்கு முதலில் விடை சொன்னவர் குந்தர் புளோபெல். இன்றைய போலந்தில் உள்ள சைலீசியாவில் பிறந்த ஜெர்மானியர். 1967-ல் நியூயார்க்கில் உள்ள ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பலாடேயின் ஆய்வுக்கூடத்தில் வந்து சேர்ந்தார். ரைபோசோமை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து உலகுக்குச் சொன்னவர்களில் பலாடே முக்கியமானவர். 1971-ல் புளோபெலும் டேவிட் சபாட்டினியும் சேர்ந்து ஒரு யோசனையை முன்வைத்தார்கள். வெளியே போகவேண்டிய புரதத்தின் தலைப்பக்கத்திலேயே முகவரி எழுதியிருக்கும் என்பது அந்த யோசனை. அப்போது அது வெறும் யோசனைதான், ஆதாரம் கிடையாது. 1975-ல் புளோபெலும் பெர்ன்ஹார்ட் டாபர்ஸ்டைனும் அதைச் சோதனைக் குழாயிலேயே நடத்திக் காட்டினார்கள். 1999-ல் புளோபெலுக்கு நோபல் பரிசு கிடைத்தது. சிறு வயதில் டிரெஸ்டன் நகரத்தைப் பார்த்தவர் அவர். 1945 குண்டுவீச்சில் அது அழிந்தது. பரிசுப் பணத்தை அந்த நகரத்தின் தேவாலயத்தையும் யூத ஆலயத்தையும் திரும்பக் கட்டுவதற்குக் கொடுத்துவிட்டார். நம் தொழிலுக்குக் கொஞ்சம் சம்பந்தப்பட்டது என்பதால் இதைச் சொன்னேன்.

ஆக, புரதமே தன் முகவரியை நெற்றியில் ஒட்டிக்கொண்டு பிறக்கிறது. அதாவது பிரீகாஸ்ட் பீமில் பெயின்ட்டால் எண் போட்டு அனுப்புகிற மாதிரி. பாடப்புத்தகங்களில் இந்த விடை உட்கார்ந்துவிட்டது. அது தவறும் இல்லை. இன்றைக்கும் அது சரிதான். ஆனால் முழு விடை அதுவல்ல என்பதற்கான தடயம் புளோபெல் பிறப்பதற்கு முன்பே, 1905-லேயே அச்சாகியிருந்தது.

அமெரிக்காவில் எட்வின் காங்க்ளின் என்ற உயிரியலாளர், பாறைகளில் ஒட்டி வாழும் ஆஸிடியன் என்ற சிறு கடல் உயிரின் முட்டையை ஆராய்ந்துகொண்டிருந்தார. அந்த முட்டையில் இயற்கையாகவே நிறங்கள் உண்டு. கருவுற்ற சற்று நேரத்தில் மஞ்சள் நிறப் பொருள் ஒரு பக்கமாகப் போய்ப் பிறைபோலச் சேருவதை அவர் பார்த்தார். முட்டை இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரியும்போது அந்த மஞ்சள் எந்தெந்தச் செல்லுக்குப் போகிறது என்று பொறுமையாகக் குறித்துக்கொண்டே வந்தார். கடைசியில் மஞ்சள் போன செல்கள்தான் வால் தசைகளாயின. அந்த மஞ்சளுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது? 1905-ல் பதில் சொல்ல வழியில்லை. தூது ஆர்.என்.ஏ. என்ற சொல்லே அப்போது இல்லையே.

எழுபத்தெட்டு வருஷம் கழித்து, 1983-ல், வில்லியம் ஜெஃப்ரியும் அவரது சகாக்களும் அதே ஸ்டைலா வகை முட்டையை எடுத்தார்கள். இப்போது கையில் ஒரு கருவி இருந்தது. 1969-ல் ஜோசப் காலும் மேரி லூ பார்ட்யூவும் உருவாக்கிய முறை அது. தேடுகிற ஆர்.என்.ஏ. அல்லது டி.என்.ஏ.யோடு ஜோடி சேரக்கூடிய இழையைச் செய்து, அதில் அடையாளம் போட்டு, செல்லை அரைக்காமல் கரைக்காமல், இருந்த இடத்திலேயே ஒட்டவைத்துப் பார்ப்பது. அந்த முறைக்கு என்ன பெயர் தெரியுமா? இன் சிட்டு ஹைப்ரிடைசேஷன்! நம்முடைய அதே இன் சிட்டு. ஜெஃப்ரி குழுவினர் தசைப் புரதங்களில் ஒன்றான ஆக்டினுடைய தூது ஆர்.என்.ஏ.யைத் தேடினார்கள். அது முட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்கவில்லை. காங்க்ளினின் மஞ்சள் பகுதியில் குவிந்து கிடந்தது. புரதம் கட்டுவதற்கு முன்பே டிராயிங் சைட்டுக்குப் போய்விட்டது!

முட்டை ஒரு விசேஷமான செல், பெரியது, அதில் நடப்பது மற்றதற்குப் பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு 1986-ல் பதில் வந்தது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜீன் லாரன்ஸும் ராபர்ட் சிங்கரும் கோழிக் கருவிலிருந்து எடுத்து வளர்த்த சாதாரணச் செல்களைப் பார்த்தார்கள். இந்தச் செல்கள் கண்ணாடித் தட்டில் நகரும். நகரும்போது முன்பக்கம் மெல்லிய பாதம்போல நீளும். அந்தப் பாதத்தைத் தள்ளுவது ஆக்டின். ஆக்டினுடைய தூது ஆர்.என்.ஏ. பெரும்பாலும் அந்த முன் பாதத்தில்தான் இருந்தது. வைமென்டின் என்ற இன்னொரு புரதத்தின் தூதோ உட்கருவை ஒட்டியே நின்றது. ஒரே செல்லில் இரண்டு பிரதிகள், இரண்டு முகவரிகள்.

அப்படியானால் முகவரி எங்கே எழுதியிருக்கிறது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. தூது ஆர்.என்.ஏ.யில் எல்லா எழுத்துகளும் புரதமாவதில்லை. 'இத்துடன் நிறுத்து' என்ற குறிக்குப் பிறகும் ஒரு நீண்ட வால் தொங்கும். ரைபோசோம் அதைப் படிப்பதே இல்லை. நம் டிராயிங் ஷீட்டில் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு, டிராயிங் நம்பர், தேதி, யார் யாருக்குப் பிரதி என்றெல்லாம் எழுதுவோமே, கம்பி கட்டுபவர் அதைப் பார்க்கவே மாட்டாரே, அது மாதிரி. ஆனால் பிரதி எந்த சைட்டுக்குப் போகவேண்டும் என்பது அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. 1988-ல் பால் மெக்டொனால்டும் கேரி ஸ்ட்ரூலும் பழ ஈயின் முட்டையில் இதைக் காட்டினார்கள். கோழியின் ஆக்டினுக்கு சிங்கர் குழு 1994-ல் சரியான இடத்தையே சுட்டியது. வெறும் 54 எழுத்துகள். அதற்கு 'ஜிப்கோடு' என்றே பெயர் வைத்தார்கள். அது அமெரிக்கப் பெயர். நாம் பின்கோடு என்று படித்துக்கொள்ளலாம்.

பழ ஈ என்பது வாழைப்பழத்தை வெட்டி வைத்தால் சுற்றிச் சுற்றி வருமே, அந்தப் பொடி ஈதான். அதன் முட்டை அரை மில்லிமீட்டர் நீளம். எது தலை, எது வால் என்ற முடிவை அந்த முட்டைக்குத் தாய் ஈ எழுதிக் கொடுத்து அனுப்புகிறது. பைகாய்ட் என்ற தூது முட்டையின் முன் நுனியில் கட்டப்பட்டிருக்கும். முட்டை இட்ட பிறகு அதிலிருந்து புரதம் உண்டாகிப் பின்னோக்கிப் பரவும். அடர்த்தி அதிகமான இடம் தலை, குறையக் குறைய மார்பு. 1988-ல் இதை அளந்து காட்டினார்கள் வொல்ஃப்காங் டிரீவரும் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும். நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் 1995-ல் நோபல் பெற்றவர்களில் ஒருவர். பின் நுனியில் ஆஸ்கர் என்ற தூது இருக்கும். வயிற்றுப் பகுதி உருவாகவும், அடுத்த தலைமுறைக்கான விந்து, முட்டைகளாகப் போகும் செல்கள் உருவாகவும் அது தேவை. ஆஸ்கர் கெட்டுப்போனால் வயிறு இல்லாத குட்டைக் கரு உண்டாகிறது. குந்தர் கிராஸின் 'தகர மத்தளம்' நாவலில் வளர மறுக்கும் சிறுவனின் பெயரை அதற்கு வைத்துவிட்டார்கள். ஈ ஆராய்ச்சியாளர்களுக்கு இந்தக் குறும்பு உண்டு.

1992-ல் ஆன் எஃப்ருஸியும் ரூத் லேமானும் ஒரு காரியம் செய்தார்கள். ஆஸ்கரின் புரதம் செய்யும் பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் வாலை வெட்டிவிட்டு, பைகாய்டின் வாலைத் தைத்தார்கள். டிராயிங் ஆஸ்கருடையது, ஓரத்தில் முகவரி மட்டும் பைகாய்டுடையது. என்ன ஆயிற்று? ஆஸ்கர் தூது தலைப்பக்கம் போய் இறங்கியது. அங்கேயே புரதம் உண்டாயிற்று. தலை வரவேண்டிய இடத்தில் இனப்பெருக்கச் செல்கள் முளைத்தன! தலைக்குப் பதிலாக இன்னொரு வயிறு வந்து, முன்னும் பின்னும் வயிறாக ஒரு கரு உண்டாயிற்று. இத்தனைக்கும் புரதத்தில் ஓர் அமினோ அமிலம்கூட மாறவில்லை. டிராயிங்கில் ஒரு பரிமாணம்கூட மாறவில்லை. அனுப்பிய இடம் மாறியது, அவ்வளவுதான். இந்தச் சோதனையை நான் முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். டிராயிங் சரியாக இருந்தும் சைட் மாறினால் என்ன ஆகும் என்று நம் தொழிலில் ஊகித்துக்கொள்ளலாம். உயிரில் அப்படி ஆனதை ஊகித்திருக்க முடியாது.

வழியில் யாராவது மேஸ்திரி பிரதியைப் பிரித்துப் படித்து வேலையை ஆரம்பித்துவிட்டால்? அதற்கும் ஏற்பாடு உண்டு. புரூனோ என்ற புரதம் ஆஸ்கர் தூதின் வாலில் ஒட்டிக்கொண்டு, போய்ச் சேரும்வரை படிக்க விடாமல் தடுக்கிறது. 1995-ல் தெரிந்தது இது. எடுத்துப்போகிற விதம்தான் நமக்குக் கொஞ்சம் அதிர்ச்சி. நேராகப் போவதில்லை. 2008-ல் வெளியான ஓர் ஆய்வில் உயிருள்ள முட்டைக்குள் ஆஸ்கர் துகள்கள் நகர்வதைத் தொடர்ந்து பார்த்தார்கள். எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. பின்பக்கம் போவது மற்றதைவிடச் சற்றே அதிகம், அவ்வளவே. அந்தச் 'சற்றே' போதுமானதாக இருக்கிறது. எந்த கன்சல்டன்டும் இந்த டிசைனை பாஸ் பண்ணமாட்டார்!

ஆனால் ஏன் இந்தச் சிரமம்? புரதத்தையே அனுப்பிவிட்டுப் போகலாமே? ஒரு காரணம் சிக்கனம். ஒரு பிரதியை வைத்துக்கொண்டு பல புரதம் கட்டலாம். பீம் நாற்பதையும் சுமப்பதைவிட டிராயிங் ஒன்றைச் சுமப்பது லேசு. இன்னொரு காரணம், சில புரதங்கள் வழியில் விஷமம் செய்யும். நரம்புகளைச் சுற்றி மயலின் என்ற உறை உண்டு. மின்கம்பிக்கு இன்சுலேஷன் மாதிரி. அதன் அடுக்குகளை ஒன்றோடொன்று ஒட்டவைப்பது ஒரு மயலின் புரதம். பசை மாதிரியான சரக்கு. அதைச் செல்லின் நடுவில் செய்து அனுப்பினால் போகிற வழியிலெல்லாம் கண்ட சவ்வுகளையும் ஒட்டிவிடாதா? 1982-ல் டேவிட் கோல்மனும் சகாக்களும் அந்தப் புரதத்தின் தூது மயலினுக்குப் பக்கத்திலேயே இருப்பதைக் காட்டினார்கள். அந்தச் சகாக்களில் ஒருவர் யார் தெரியுமா? 1971-ல் புளோபெலோடு சேர்ந்து 'புரதத்தின் தலையில் முகவரி' என்று சொன்ன அதே சபாட்டினி. இரண்டு கருத்துக்கும் சண்டை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. உண்மையில் புளோபெலின் கதையிலும் புரதத்தின் தலை ரைபோசோமைவிட்டு எட்டிப்பார்த்தவுடன் அதைப் பிடித்து, ரைபோசோமையும் தூதையும் சேர்த்து எண்டோபிளாச வலைக்கு இழுத்துக்கொண்டு போவதுதான் நடக்கிறது. அங்கேயும் டிராயிங் சைட்டுக்குப் போகத்தான் செய்கிறது.

தூரம் என்று பார்த்தால் நரம்புச் செல்லுக்கு ஈடு எதுவும் இல்லை. முதுகுத்தண்டின் அடியிலிருந்து கால் விரல்வரை போகும் நரம்பிழை பெரியவர்களுக்குச் சுமார் 1 மீட்டர். செல்லின் உடலோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. 1948-ல் பால் வைஸும் ஹெலன் ஹிஸ்கோவும் நரம்பை இறுக்கிக் கட்டிப் பார்த்து, உள்ளிருக்கும் சரக்கு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று கணக்கிட்டார்கள். வேகமாகப் போகும் சரக்குகளும் உண்டென்று பிறகு தெரிந்தது. ஆனால் செல்லின் சட்டத்தைக் கட்டும் சில புரதங்களுக்கு இந்த ஆமை வேகம்தான். கால்குலேட்டரே வேண்டாம்: 1 மீட்டருக்கு ஆயிரம் நாள். கிட்டத்தட்ட மூன்று வருஷம்!

1982-ல் ஆஸ்வால்ட் ஸ்டீவர்டும் வில்லியம் லெவியும் எலியின் மூளையை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, நரம்புச் செல்லின் கிளைகளில், இன்னொரு செல் வந்து செய்தி சொல்லும் சந்திப்புகளுக்கு அடியில், ரைபோசோம்கள் கூட்டமாக இருப்பதைக் கண்டார்கள். ஆபீஸிலிருந்து இவ்வளவு தூரத்தில் மேஸ்திரிக்கு என்ன வேலை? இதன் பின்னால் பெரிய விஷயம் இருந்தது. புரத உற்பத்தியைத் தடுத்தால் எலிகளின் நீண்டகால நினைவு நிற்பதில்லை என்று 1963-லேயே ஃப்ளெக்ஸ்னர் தம்பதியரின் குழு காட்டியிருந்தது. ஒரு நரம்புச் செல்லில் ஆயிரக்கணக்கான சந்திப்புகள். நீங்கள் இன்று ஒரு முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்கிறீர்கள் என்றால் அதில் குறிப்பிட்ட சிலதான் பலப்பட வேண்டும். நடுவிலிருந்து புரதத்தைத் தூவினால் எல்லாமே பலப்பட்டுப் போகும். அப்புறம் நினைவு ஏது?

1996-ல் ஹேஜின் காங், எரின் ஷூமன் இருவரும் எலி மூளைத் துண்டில் செல்லின் உடலுக்கும் கிளைக்கும் இடையே வெட்டி, தொடர்பை அறுத்துவிட்டுச் சோதித்தார்கள். ஆபீஸே இல்லாமல் கிளைகள் தாமாகவே புதிய புரதத்தைச் செய்து சந்திப்பைப் பலப்படுத்திக்கொண்டன. இது தட்டில் வைத்த துண்டு. முழு எலியில்? 2002-ல் மார்க் மேஃபோர்டின் குழு அதற்கும் வழி கண்டுபிடித்தது. நினைவுக்கு முக்கியமான ஒரு நொதியின் ஜீனில், புரதத்துக்கான எழுத்துகளைத் தொடாமல், வால் பகுதியை மட்டும் மாற்றி முகவரியை அழித்தார்கள். தூது செல்லின் நடுவிலேயே தங்கிவிட்டது. புரதம் உண்டாகாமல் இல்லை, நடுவில் உண்டாயிற்று. சுண்டெலிகள் உயிரோடு இருந்தன, ஓடின. ஆனால் கற்றதை மனதில் நிறுத்திவைப்பதில் பின்தங்கின. ஈயில் முகவரியை மாற்றி எழுதினார்கள், சுண்டெலியில் முகவரியை அழித்தார்கள். இந்த இரண்டு சோதனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தூதின் இருப்பிடம் என்பது வெறும் அலங்காரம் அல்ல என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மனிதர்களிடம் இது எங்கே வந்து இடிக்கிறது என்றால், ஃப்ரஜைல் எக்ஸ் என்ற பரம்பரைக் குறைபாட்டில். அறிவு வளர்ச்சி பின்தங்கும் இந்த நோய்க்குக் காரணமான ஜீன் 1991-ல் கிடைத்தது. அது செய்யும் புரதத்தின் வேலை, தூது ஆர்.என்.ஏ.க்களைப் பிடித்துக்கொண்டு, சந்திப்புகளில் தேவையில்லாதபோது புரதம் கட்டவிடாமல் அடக்கி வைப்பது. அந்தப் புரதம் இல்லாவிட்டால் சைட்டில் வேலை கட்டுக்கடங்காமல் போகிறது. 2004-ல் இதை வைத்து ஒரு கொள்கை எழுந்தது, மருந்துகள் தயாராயின, சுண்டெலிகளிடம் பிரமாதமாக வேலை செய்தன. மனிதர்களிடம் நடந்த பெரிய சோதனைகளில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. அந்தக் குழந்தைகளின் பெற்றோருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கண்டுபிடிப்பிலிருந்து மருந்துக்கடைவரை உள்ள தூரம் அந்த ஒரு மீட்டர் நரம்பைவிட நீளம்தான்.

கொரோனா வந்தபிறகு எம்.ஆர்.என்.ஏ. என்ற பெயர் டீக்கடைவரை வந்துவிட்டதால் ஒரு வார்த்தை. 2020 டிசம்பரில் மேலை நாடுகளில் போட ஆரம்பித்த ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளில் இருந்ததும் தூது ஆர்.என்.ஏ.தான். அது தரும் கூர்முனைப் புரதத்தின் தலையில் புளோபெல் சொன்ன மாதிரியான முகவரி உண்டு. அதனால்தான் அது செல்லின் மேற்பரப்புக்கு வந்து நிற்கிறது. பழைய கண்டுபிடிப்பு, புதிய ஊசி.

எத்தனை தூதுகளுக்கு இப்படிச் சொந்த முகவரி இருக்கும்? எண்பதுகளில் விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை. 2007-ல் டொரோன்டோவில் ஹென்றி கிராஸின் குழு, பழ ஈயின் கருவில் 3,000-க்கும் மேற்பட்ட ஜீன்களின் தூதுகளை ஒவ்வொன்றாக இன் சிட்டுவில் பார்த்தது. வெளிப்பட்ட தூதுகளில் 71 சதவீதம் குறிப்பிட்ட இடங்களில் குவிந்திருந்தன. விதிவிலக்கு என்று நினைத்தது விதியாகிவிட்டது. 2012-ல் பிராங்க்ஃபர்ட்டில் ஷூமனின் குழு எலி மூளையின் கிளைப் பகுதியில் மட்டும் 2,500-க்கு மேல் தூதுகளை எண்ணியது.

ஸ்டீவர்ட் தாம் 1982-ல் பார்த்த அந்த ரைபோசோம்களை விட்டுவிடவில்லை. 1998-ல் அவரும் சகாக்களும் ஆர்க் என்ற ஜீனின் தூதைத் தொடர்ந்தார்கள். எலியின் மூளையில் சில சந்திப்புகளை மட்டும் தூண்டிவிட்டார்கள். உட்கருவில் புதிதாகப் பிறந்த ஆர்க் தூது கிளையில் ஓடி, எல்லா இடத்திலும் இறங்காமல், தூண்டப்பட்ட சந்திப்புகளின் அருகே மட்டும் இறங்கியது. எந்த சைட்டில் வேலை நடக்கிறது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது! 2018 ஜனவரியில் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் இன்னொன்றைச் சொல்லின. ஆர்க் புரதம் வைரஸின் கூடுபோல ஒன்றாகத் திரண்டு, தன் தூது ஆர்.என்.ஏ.யையே உள்ளே வைத்து மூடிக்கொண்டு, செல்லைவிட்டு வெளியேறி, பக்கத்துச் செல்லுக்குள் போய் இறங்குகிறது. சொந்த சைட் போதாமல் பக்கத்து காண்டிராக்டரின் சைட்டுக்கும் டிராயிங் போக ஆரம்பித்துவிட்டது. அங்கே போய் அது என்ன கட்டுகிறது என்பதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.